உல்லன் நூல் கிரேன்

மீஞ்சூர் ஸ்டேஷன் படிக்கட்டை விட்டு சுகிர்தா இறங்கும்போதே கும்மிடிப்பூண்டி வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. பெண்கள் பெட்டி முன்னால் போய்விட்டது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி, எதிரே வந்த பெட்டியில் தாவி ஏறினாள். கம்பியைப் பிடித்து நின்ற பிறகுதான் மூச்சு வந்தது.

"சேஃப்டி ஆபீசரே ஓடுற வண்டில ஏறுனா, நாங்கல்லாம் இன்னா மேடம் பண்றது?"

ஜன்னலோரத்திலிருந்து வந்த குரல். திரும்பிப் பார்த்தால் அந்தோணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் ரோலிங் மில்லில் ரெண்டாம் ஷெட்டின் கிரேன் ஆபரேட்டர். வயது ஐம்பத்திரண்டு, எண்ணூர்க்காரர். தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டு மாதிரியான கேபினில் உட்கார்ந்துகொண்டு, ரெண்டு டன் கம்பிக் கட்டைத் தூக்கிக் கொண்டுபோய் லாரியில் வைப்பவர். அங்கிருந்து அவர் போடும் சத்தம் மூணாவது ஷெட் வரைக்கும் கேட்கும். மில்லில் அவருக்குப் பயப்படாதவர்கள் குறைவு.

சுகிர்தா வெட்கத்தோடு சிரித்துவைத்தாள். அப்புறம்தான் அவர் மடியைப் பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு உல்லன் நூல் உருண்டை. வலது கையில் ஒரு குரோஷா ஊசி. பேச்சு பேச்சாக இருக்க, விரல்கள் தம்பாட்டுக்கு நூலை இழுத்து, கோத்து, இழுத்துக்கொண்டிருந்தன. அந்தக் கைகள் ஒவ்வொன்றும் முறம் அகலம். அவற்றுக்குள் அந்த ஊசி பல்குத்தும் குச்சி மாதிரி தெரிந்தது.

"இன்னாண்ணே இது?"

"குந்துங்க சொல்றேன்." பையை மடிக்கு இழுத்து இடம் விட்டார். "ஃபோர்க் லிஃப்ட்டு."

அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் பையைத் திறந்து காட்டினார். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், உள்ளங்கை அளவில் ஒரு கேஸ் சிலிண்டர். கருப்பு நூலில் அதன் வால்வு, சிவப்பும் நீலமுமாக ரெண்டு டியூப். அதற்கடியில் ஒரு வெல்டிங் மெஷின், கேபிளோடு. ஒரு தீயணைக்கும் சிலிண்டர், கழுத்தில் சின்னதாக ஒரு சீட்டு கூடத் தொங்கியது. எல்லாம் உல்லன். அமுக்கினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்ப வந்தது.

"யாருண்ணே கத்துக்குடுத்தது? ஊட்ல அக்காவா?"

"ஏஞ்சலினா? என் சம்சாரத்துக்கு ஊசில நூல் கோக்கவே பேஜாரு. ரெண்டு வருசம் முன்னால நெஞ்சு வலின்னு போனா, டாக்டரு சிகரெட்ட உட்டுடுன்னுட்டாரு. உட்டேன். உட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது மேடம். பரபரன்னுது. பஸ்சுல எதிர்ல இருக்கறவன் சட்டப் பட்டன திருகலாமான்னு தோணுது. அப்பதான் போன்ல ஒரு வீடியோ வந்துச்சி. எந்த ஊரு அம்மாவோ, வெள்ளக்காரம்மா. ஒரு ஆமை பின்னுச்சி. நான் பாத்துக்கினே இருந்தேன்."

"இங்கிலீஷா?"

"இங்கிலீஷும் இல்ல. அந்தம்மா இன்னா பாஷைல பேசுதுன்னு இன்னிய வரைக்கும் எனுக்குத் தெரியாது. முகத்தக்கூடக் காட்டாது. கை மட்டுந்தான். பேச்சு புரில, கை புரிஞ்சிது. அது போதும்ல?"

அன்றிலிருந்து சுகிர்தா பெண்கள் பெட்டியைத் தேடிப் போவதை விட்டுவிட்டாள். அவளுக்கும் இந்த ஆசை எல்லாம் உண்டு. அலமாரியில் பாதி முடிச்சுப் போட்ட மேக்ரமே கயிற்று வேலை, காய்ந்துபோன பசையோடு காகிதச் சுருள் பெட்டி, வண்ணம் பூச வாங்கி இன்னும் பூசாத நாலு பாட்டில், எல்லாம் கிடந்தன. மூன்றாம் நாளில் அவளுக்கு எதுவும் சலித்துவிடும். ஆகவே அந்த ஃபோர்க் லிஃப்ட் நாளுக்கு நாள் வளர்வதை அவள் ஒரு தொடர் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முதல் நாள் உடம்பு. ரெண்டாம் நாள் நாலு சக்கரம்: நடுவில் ஒரு வளையம், அதில் ஆறு கண்ணி, அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. அந்தோணி உதட்டை அசைத்து எண்ணுவார். எண்ணும்போது பேசினால் பதில் வராது. நாலாம் நாள் முன்னால் நீட்டும் ரெண்டு முட்கரங்கள். அவை தொங்காமல் இருக்க உள்ளே ஐஸ் குச்சி வைத்திருந்தார்.

மில்லில் கிண்டலுக்குக் குறைவில்லை. வெல்டர் விமல், மதிய நேரத்தில் அவர் நூலை எடுத்ததும், "அண்ணே, யாருக்கு சீமந்தம்? ஸ்வெட்டர் பின்றியா?" என்று கத்துவான். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தோணி தம்பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருப்பார். பத்து நாள் கழித்து விமலின் வெல்டிங் மேஜையில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, ஒருபக்கம் மட்டும் முறுக்கிய மீசையோடு, அச்சு அசல் விமல். தொப்பை கூட அவன் அளவுதான். விமல் அதை ரெண்டு கையிலும் ஏந்தி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரையும் தொடவிடாமல் லாக்கரில் வைத்துப் பூட்டினான். அதற்கப்புறம் ஸ்வெட்டர் பேச்சு வரவில்லை.

இதெல்லாம் ஒருபக்கம் நடந்துகொண்டிருக்க, சுகிர்தாவின் வேலை ஒருபக்கம் நடந்தது. எட்டு மாதமாக அவள்தான் அந்த மில்லின் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ரெண்டு முறை பயிற்சி வகுப்பு. ப்ரொஜெக்டரில் படம் போட்டு, தமிழில் ஒருமுறை, தட்டுத் தடுமாறிக் கற்ற இந்தியில் ஒருமுறை சொல்லுவாள். தூக்கிய சுமைக்குக் கீழே நிற்காதே. மஞ்சள் கோட்டுக்குள்ளே நட. ஹாரன் கேட்டால் ஒதுங்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஆட்கள் எழுபது பேர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். "சமஜ் கயே?" என்பாள், புரிந்ததா என்று. எழுபது தலையும் ஆடும். எழுபது பேரும் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். ஃபைலில் கோத்துவைப்பாள்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, ரெண்டாம் ஷெட்டில் ஹாரன் விடாமல் அலறியது.

சுகிர்தா ஓடினாள். கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கி, பெண்டுலம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு ஆள் தலையைக் கையால் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். தீனபந்து. ஒடிசாக்காரன், நாற்பது வயது, ரெண்டு வருடமாக அங்கே ஹெல்பர். யாரோ அவனை இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அவன்மேல் ஒரு கீறல் இல்லை. கட்டு தரைக்கு ஒரு ஆள் உயரத்தில் வந்துகொண்டிருந்தபோது அவன் நேராக அதற்கடியில் நடந்திருக்கிறான். அந்தோணி மேலிருந்து பார்த்து, அந்த நொடியில் நிறுத்தியிருக்கிறார்.

அந்தோணி கட்டைப் பத்திரமாக இறக்கிவைத்துவிட்டு ஏணி வழியே கீழே வந்தார். எல்லாரும் அவர் போடப்போகும் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் தீனபந்துவின் முன்னால் போய் நின்றார். அவன் தோளில் கை வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிளான்ட் மேனேஜர் சரவணகுமார் அவளைக் கூப்பிட்டார். "இந்த ஆளுக்கு ட்ரெயினிங் குடுத்தீங்களா இல்லையாம்மா?"

"குடுத்தேன் சார். நாலு தடவ வந்திருக்காரு. கையெழுத்து இருக்கு."

"அப்ப நம்ம மேல தப்பில்ல. இன்னொரு தடவ கிளாஸ் எடுத்து, கையெழுத்து வாங்கி, ரிப்போர்ட்ல சேத்துடுங்க."

அவள் ஃபைலை எடுத்துப் பார்த்தாள். நாலு தாளிலும் தீனபந்துவின் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. கேன்டீனில் அவனைத் தேடிப்போய், தனக்குத் தெரிந்த இந்தியில், நான் வகுப்பில் சொன்னதில் என்ன புரிந்தது என்று கேட்டாள். அவன் சிரித்துத் தலையாட்டினான். வேறு மாதிரி கேட்டாள். அதற்கும் தலையாட்டினான். இந்தி அவனுக்கும் அவளளவுதான் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எட்டு மாதமாகத் தலையாட்டலைத்தான் சேர்த்துவைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

அடுத்த ரெண்டு நாளும் ரயிலில் அந்தோணி நூலை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் பொன்னேரி தாண்டியதும் திடீரென்று கேட்டார்.

"மேடம், ரெண்டாம் ஷெட்டு அகலம் எவ்ளோ?"

"இருபத்திரெண்டு மீட்டர்ணே. ஏன்?"

"நீளம்?"

"நூத்திப்பத்து. எதுக்குக் கேக்கறீங்க?"

"மேல குந்திகினு பாக்கற எனுக்கு எல்லாந் தெரியுது. எவன் எங்க நிக்கறான், கட்டு எங்க போவும், எல்லாம் பளிச்சுனு கீது. கீழ நடக்கறவனுக்கு ஒண்ணுந் தெரில. அவன் தலைக்கு மேல இன்னா கீதுன்னு அவன் பாத்ததே இல்ல. மேல ஏத்திக் காட்டலாம்னா எழுவது பேர ஏணில ஏத்த முடியாது." தாடையைச் சொறிந்துகொண்டார். "மொத்த ஷெட்டையும் பின்னிட்டா?"

சுகிர்தா அவரையே பார்த்தாள். அவர் தமாஷ் பண்ணவில்லை.

அளவுகளை அவள் எழுதிக்கொடுத்தாள். ஷெட்டின் பாதி நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கேன்டீன் மேஜை ஒன்றில் அடங்கும்படி அளவைச் சுருக்கிக் கணக்குப் போட்டார்கள். சரவணகுமாரிடம் அவள் போய், பயிற்சிக்கு ஒரு மாடல் செய்கிறோம், மூன்று வாரம் கொடுங்கள் என்றாள். எதில் மாடல் என்று சொல்லவில்லை.

அந்த மூன்று வாரம் அவள் கண்ட வேலையை அவள் எந்த எஞ்சினியரிங் கல்லூரியிலும் கண்டதில்லை. கிரேனின் குறுக்கு உத்தரம்தான் முதல் தலைவலி. உல்லனில் பின்னி, உள்ளே பஞ்சை அடைத்துத் தூக்கினால், நடுவில் தொய்ந்து வாழைப்பழமாக வளைந்தது. அட்டை வைத்தார், மடங்கியது. மூங்கில் வைத்தார், தடிமன் ஒத்துவரவில்லை. கடைசியில் எண்ணூரில் ஒரு சைக்கிள் கடையிலிருந்து பழைய ஸ்போக் கம்பிகள் எட்டு வாங்கிவந்து, கட்டாகக் கட்டி உள்ளே செருகினார். உத்தரம் நிமிர்ந்து நின்றது. மறுநாள் காலை அவர் அதை ரயிலில் ரெண்டு சீட்டுக்கு நடுவே பாலம்போல வைத்து, மேலே தன் சாப்பாட்டுப் பையை மாட்டிக் காட்டியபோது, எதிர் சீட்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கம்பிக் கட்டு அடுத்தது. சாம்பல் நூலில் நீளமாகப் பின்னிய உருளைகள் பார்ப்பதற்குப் புடலங்காய் மாதிரி இருந்தன. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, துடைப்பக் குச்சிகளை ஒவ்வொன்றாக நூலால் சுற்றினார். நூற்றிருபது குச்சி. அவற்றைக் கட்டாகக் கட்டியபோது நிஜக் கட்டு மாதிரியே இருந்தது, ஆனால் காற்றில் பறந்தது. "வெயிட்டு வேணும். இல்லாங்காட்டி எவனும் பயப்பட மாட்டான்" என்று, நடுவில் சைக்கிள் சக்கரத்தின் பால்ரஸ் இரும்புக் குண்டுகளை ஒரு துணிக் குழாயில் போட்டுச் செருகினார். இப்போது கையில் வாங்கினால் மணிக்கட்டு இறங்கியது.

ஒரு சனிக்கிழமை சுகிர்தா எண்ணூருக்கே போனாள். ரெண்டு அறை வீடு. கட்டில்மேல் ஷெட் பரந்து கிடந்தது. ஏஞ்சலின் பழைய தலையணையைப் பிரித்து, பஞ்சைக் கோதிக் கோதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. உங்க மில்லு வந்து என் கட்டில்ல குந்திகினு கீது. ரெண்டு வாரமா நாங்க கீழதான் படுக்கறோம்" என்றாள். குறை சொல்லும் குரலில்தான் சொன்னாள், ஆனால் தீப்பெட்டி அளவில் இருந்த ஒரு ஹெல்மெட்டை எடுத்து, "இத பாரு, உள்ள பட்டி கூட வெச்சிகீறாரு" என்று முதலில் காட்டியதும் அவள்தான்.

அந்தோணி கிரேனின் தள்ளுவண்டியை முடித்திருந்தார். உத்தரத்தின்மேல் ஓடும் பகுதி அது. ஐந்து நாள் வேலை. நீலத்தில் நெருக்கமாகப் பின்னி, ஓரத்தில் கருப்பு வரி போட்டிருந்தார். அதை உத்தரத்தில் மாட்டி நகர்த்தினார். ஒரு இடத்தில் சிக்கியது. மறுபடி நகர்த்தினார், சிக்கியது. திருப்பி அடிப்பாகத்தை எண்ணினார்.

"நாலாவது சுத்துல ரெண்டு கண்ணி ஜாஸ்தி."

"கொஞ்சம்தானேண்ணே. இழுத்துத் தெச்சிடலாம்ல?"

அவர் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தார். சுகிர்தா "ஐயோ" என்றாள். சரசரவென்று மொத்த வண்டியும் அவள் கண்முன்னே கரைந்து, சுருண்ட நீல நூலாகத் தரையில் குவிந்தது. ஐந்து நாள், அரை நிமிடத்தில் போனது. அவர் முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டே, "இதுல எனுக்குப் புடிச்சதே இதான் மேடம். இரும்புல தப்பு பண்ணா இரும்பு போச்சி. இதுல எவ்ளோ தப்பு பண்ணாலும் நூலு நூலாவே கீது" என்று சொல்லி, அங்கேயே மறுபடி முதல் வளையத்தைப் போட்டார்.

தன் அலமாரியில் கிடக்கும் பாதி மேக்ரமே சுகிர்தாவுக்கு நினைவு வந்தது. ஒரு முடிச்சு கோணியது என்பதற்காக அவள் அதைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

"எனக்கும் எதாவது குடுங்கண்ணே" என்றாள்.

மஞ்சள் நடைபாதைக் கோடு அவள் பங்குக்கு வந்தது. வெறும் சங்கிலிக் கண்ணி, மூன்று வரிசை, ஒன்றரை மீட்டர் நீளம். அதைச் செய்து முடிக்க அவளுக்கு ஆறு நாள் ஆனது. நாலு முறை பிரித்தாள். அப்படியும் ஒரு இடத்தில் அகன்றும் ஒரு இடத்தில் குறுகியும் கொஞ்சம் நெளிந்துதான் வந்தது. அந்தோணி அதை நீட்டிப் பார்த்தார்.

"நம்ம ஷெட்டுல பெயின்டர் போட்ட கோடு மாதிரியே கீது. உடுங்க" என்று ஒட்டிவிட்டார்.

செப்டம்பர் முதல் வாரத்தில், மதியம் ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கேன்டீனின் நீண்ட மேஜையில் ரெண்டாம் ஷெட் வந்து இறங்கியது. தூண்கள், ஓரத்தில் லாரி, அதன் டிரைவர், கம்பி அடுக்குகள், ஃபோர்க் லிஃப்ட், சிலிண்டர்கள், சுவரில் தீயணைப்பான், நெளிந்த மஞ்சள் கோடு. எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்போக் கம்பி உத்தரத்தில் நீலக் கிரேன். ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் வண்டி ஓடும். இன்னொன்றைச் சுழற்றினால் கொக்கி இறங்கும். கேபினுக்குள் நரைத்த தலையோடு ஒரு குட்டி அந்தோணி உட்கார்ந்திருந்தார். கீழே பதினைந்து ஆட்கள், கலர் கலரான ஹெல்மெட்டில்.

கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் கிட்டே வந்தது. அப்புறம் பின்னால் நின்றவர்கள் பெஞ்சுமேல் ஏறினார்கள். "அது நான்டா" என்று ஒரு குரல். "ஏய், டீ அண்டா கூட வெச்சிகீறாரு" என்று இன்னொன்று. விமல் லாக்கரைத் திறந்து தன் பொம்மையைக் கொண்டுவந்து, வெல்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனான். சரவணகுமார் வந்து, இடுப்பில் கை வைத்து, குனிந்து உற்றுப் பார்த்தார். "இது... உல்லனா?" என்று மட்டும் கேட்டார்.

சுகிர்தா பேசவில்லை. பேசக்கூடாது என்று அவளும் அந்தோணியும் முன்பே பேசிவைத்திருந்தார்கள். அந்தோணி கொக்கியில் கம்பிக் கட்டை மாட்டி, மெதுவாகத் தூக்கினார். வாயால் ஹாரன் அடித்தார். கட்டு ஷெட்டின் நடுவே நகர்ந்தது. ரெண்டு மூன்று ஆட்களை அது தாண்டிப் போகும்போது நிறுத்தி, பொம்மைகளை எடுத்து மஞ்சள் கோட்டுக்குள் வைத்தார். அப்புறம் தீனபந்துவைக் கைகாட்டிக் கூப்பிட்டு, சிவப்பு ஹெல்மெட் பொம்மை ஒன்றைக் கொடுத்தார். அன்னிக்கு நீ எங்கே நின்றாய் என்பதுபோல, விரலால் தரையைக் காட்டினார்.

தீனபந்து பொம்மையைக் கொண்டுபோய்க் கட்டுக்கு நேர் கீழே வைத்தான்.

அந்தோணி கொக்கியின் கண்ணியை உருவினார்.

கட்டு விழுந்தது. பால்ரஸ் குண்டுகளின் எடையில் மேஜை "டக்" என்று அதிர்ந்தது. சிவப்பு ஹெல்மெட் தெறித்து சரவணகுமாரின் காலடிக்கு உருண்டது. பொம்மை கட்டுக்கு அடியில் தட்டையாகக் கிடந்தது. பஞ்சும் நூலும்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

தீனபந்து கட்டைத் தூக்கி, பொம்மையை எடுத்து, அதன் வயிற்றை அழுத்தித் திரும்ப உருண்டையாக்கினான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவான் என்றுதான் சுகிர்தா எதிர்பார்த்தாள். அவன் போகவில்லை. மஞ்சள் கோட்டைச் சுட்டிக்காட்டினான். தலையை அசைத்து, இல்லை என்றான். சுற்றிலும் பார்த்து, பக்கத்து மேஜையிலிருந்து ஒரு டீ கிளாஸை எடுத்து, மஞ்சள் கோட்டுக்கு நடுவில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். பொம்மையைக் கோட்டின் வழியே நடத்தினான். கிளாஸில் இடித்தது. பின்னால் நடத்தினான். மறுபடி முன்னால், மறுபடி இடித்தது. பிறகு பொம்மையைக் கோட்டைவிட்டு இறக்கி, கிளாஸைச் சுற்றிக் கொண்டுபோனான். அப்படிச் சுற்றினால் அது கிரேன் பாதைக்குள் வந்தது.

அவன் நிமிர்ந்து சுகிர்தாவைப் பார்த்தான். அப்புறம் தன் ஆட்களைப் பார்த்து ஒடியாவில் மளமளவென்று பேச ஆரம்பித்தான். ரெண்டு வருடத்தில் அவன் அவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. இந்தத் தடவை அவர்கள் வெறுமனே தலையாட்டவில்லை. குறுக்கே பேசினார்கள். ஒருவன் வந்து இன்னொரு கிளாஸை லாரிப் பக்கம் வைத்தான். மற்றவன் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்தான்.

"இன்னா அது கிளாஸு?" என்றார் சரவணகுமார்.

அந்தோணிதான் முதலில் புரிந்துகொண்டார். "ஸ்கிராப் தொட்டி சார். மூணாவது தூணாண்ட. மேலேந்து டெய்லி பாக்கறேன். அது கோட்டு மேல கீதுன்னு எனுக்குத் தோணவே இல்லியே."

எல்லாரும் ஷெட்டுக்குப் போனார்கள். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், வெட்டுத் துண்டுகள் நிறைந்த இரும்புத் தொட்டி, மஞ்சள் கோட்டை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. லாரிப் பக்கம் இன்னொன்று. எத்தனை மாதமாக நிற்கிறதோ, அடியில் துரு வட்டமாகத் தரையில் பதிந்திருந்தது. சுகிர்தா தினமும் அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

அவள் தீனபந்துவின் பக்கத்தில் போய் நின்றாள். நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்தினாள். அவன் பதறிப்போய், "நஹீ மேடம், நஹீ" என்றான்.

அன்று மாலைக்குள் தொட்டிகள் ஷெட்டின் பின்பக்கம் போயின. மறுவாரம் மற்ற ஷெட்களிலும் பார்த்தார்கள். சரவணகுமார், மாடலைக் கண்ணாடிப் பெட்டி செய்து வரவேற்பறையில் வைக்கலாம் என்றார். விருந்தாளிகள் பார்ப்பார்களாம்.

"வேணாம் சார்," என்றார் அந்தோணி. "கண்ணாடிக்குள்ள வெச்சா யாரு தொடுவாங்க? கேன்டீன்லயே கெடக்கட்டும். அழுக்கானா தொவைக்கலாம், உல்லன்தானே."

கேன்டீனிலேயே கிடந்தது. புதிதாகச் சேரும் ஆட்களை தீனபந்து மேஜைக்குக் கூட்டிவந்து, கைப்பிடியைச் சுழற்றிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. சுகிர்தா படம் போடுவதை நிறுத்திவிட்டாள். வகுப்பு தொடங்கும்போது பொம்மைகளை ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்து, நீ நிற்கும் இடத்தில் வை என்று சைகை காட்டுவாள். அதற்கப்புறம் அவளுக்குக் கேட்கிற வேலைதான்.

பக்கத்து மில் ஒன்றிலிருந்து ஆள் வந்து, எங்களுக்கும் ஒரு செட் வேண்டும், விலை சொல்லுங்கள் என்று அந்தோணியிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். "உங்க ஆளுங்க யார்னா வரட்டும், நூலோட. கத்துத் தரேன். ஆர்டரு எடுத்தா அது வேலையாப் பூடும். எனுக்கு மேல ஒரு வேல கீது" என்று அனுப்பிவிட்டார். அவர்கள் மில்லிலிருந்து ஒரு கிளார்க் உண்மையாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூருக்கு வர ஆரம்பித்தார்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலையில், ரயிலில், அந்தோணியின் மடியில் ஆரஞ்சு நூல் இருந்தது. அது ஃபேக்டரி சாமான் மாதிரி தெரியவில்லை.

"இன்னாண்ணே இது?"

"நண்டு. ஏஞ்சலின் கேட்டுச்சி. மெஷினாவே பின்னிகினு கீறியே, எனுக்குன்னு ஒண்ணு பண்ணியான்னு. இன்னா வேணும்னேன். நண்டுன்னுச்சி. ஊட்ல சாப்ட்டது போதாதுன்னு."

எதிர் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கெங்கம்மாள், காசிமேட்டில் மீன் எடுத்துக் கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் விற்பவள், கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ஏன் நைனா, அது நண்டா? எட்டுக் காலும் ஒரே மாதிரி வெச்சிகினு கீற? பின்னால ரெண்டு காலு துடுப்பாட்டம் தட்டையால்ல இருக்கும்?"

"அப்டியா?"

"அப்டியாவா? எண்ணூர்க்காரன்னு சொல்லாத வெளில." கெங்கம்மாள் கூடையைக் காலால் முன்னுக்கு இழுத்து, சாக்கை விலக்கி, கொடுக்கை நூலால் கட்டிய நீலக்கால் நண்டு ஒன்றை எடுத்தாள். அது சொட்டச் சொட்ட, காலை உதறிக்கொண்டிருந்தது. அதை அவர் சாப்பாட்டுப் பையின்மேலேயே வைத்தாள். "இத பாரு. நல்லாப் பாரு. கவரப்பேட்ட வரைக்கும் வெச்சிக்கோ."

அந்தோணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நண்டுக்கு மேல் குனிந்தார். பக்கத்தில் சுகிர்தாவும் குனிந்தாள். அவர் உதடுகள் அசைய ஆரம்பித்தன. எண்ணுகிறார் என்று தெரிந்ததால் அவள் வாயைத் திறக்கவில்லை.